இங்கிலீஷுக்கு ஓலை போட்ட கோடை

அறுபதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் படிப்பதானால் படித்துக்கொள்ளட்டும். ஆனால் அவர்களுக்கு இது பிடிபட இன்னும் கொஞ்சம் மூட்டுவலி வர வேண்டும்.

நம் வீடுகளுக்கெல்லாம் இப்போது ஒரே மாதிரி உத்தரவு வந்துகொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் இங்கிலீஷில்தான் பேச வேண்டுமாம். போன மாதம் லீவுக்கு வந்த என் மகள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "அம்மா, அவன்கிட்ட இங்கிலீஷ்லயே பேசு. தப்பா இருந்தாலும் பரவால்ல." பேரன் சமையலறை வாசலில் வந்து நின்று, "வாட் யூ ஆர் டூயிங், ஆயா?" என்று கேட்டான். அவள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "வாட் ஆர் யூ டூயிங்" என்று திருத்தினாள். அவன் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் "வாட் யூ ஆர் டூயிங்" என்றே கேட்டான். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. டியூஷன் வைக்கலாமா என்று யோசிக்கிறாள்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "தானா சரியாயிடும், வுடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவனிடம், "வெங்காயம் உரிக்கிறேன், வாடா" என்றேன். வந்து உட்கார்ந்துகொண்டான். தானாகச் சரியாகும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று மகள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கோடைக்காலம் முழுவதையும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. வேலைக்காரர்களை ஏவி உப்பு வார வைப்பதும், வாரிய உப்பைக் காப்பதும் அவர் பொறுப்பு. வீடு உப்பளத்தை ஒட்டியே இருந்தது. கதவுக் கீல், குடைக்கம்பி, அண்ணனுடைய ஜாமெட்ரி பாக்ஸ், எதுவும் எங்கள் வீட்டில் அதிக நாள் உழைக்காது. துரு ஏறி உதிர்ந்துவிடும். மத்தியானத்தில் கிழக்குப் பக்கம் பார்த்தால் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தும். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் பெரிய முதலியார்சாவடி பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் சேர்ந்தாள். தன் கைக்குழந்தையையும் கூடவே வைத்துக்கொண்டாள். அந்த வீட்டுப் பையனும் இவள் மகளும் ஒரே பாயில் தவழ்ந்து வளர்ந்தார்கள். பிறகு அவர்கள் தங்கள் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அத்தை ஒரு தகரப் பெட்டியும் மகளுமாக பாண்டி பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கு நாலு, நாலரை வயது இருக்கும். எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம்.

பாப்பா காலில் அந்தப் பையனுடைய பழைய ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். மஞ்சள் நிறம். அவளுக்கு அது முழங்காலைத் தொட்டது. மழையே இல்லாத மாதத்தில் மழை பூட்ஸோடு நடந்து வந்தவள், எங்கள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். அவருடைய வெறுங்காலில் கண்ணை நிறுத்திக்கொண்டு, "ஒய் ஹீ இஸ் நாட் வேரிங் ஷூஸ்?" என்று கேட்டாள்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை, நானும் அண்ணனும் பள்ளிக்கூடத்தில் வாங்கிய எந்த மார்க்கும் வரவழைத்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் இருக்கிறது.

பாப்பாவுக்கு இரண்டு பேச்சும் உண்டு. அம்மாவிடம் தமிழ், உலகத்தில் மற்ற எல்லாரிடமும் இங்கிலீஷ். அந்த வீட்டில் அப்படித்தான் இருந்தது, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். பால்காரரிடமும் இங்கிலீஷ், எங்கள் ஆட்டுக்குட்டியிடமும் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் ஜனம் அவளைச் சுற்றிக்கொள்ளும். "பேசு கண்ணு, ஏதாவது பேசு" என்பார்கள். அவள் பேச மாட்டாள், கேட்பாள். "வேர் தட் மேன் இஸ் கோயிங்?" "ஒய் யூ ஆர் லாஃபிங்?" யாரும் பதில் சொன்னதில்லை. கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "இன்னா ஸ்டைலு பாரு" என்று போய்விடுவார்கள்.

அண்ணன் அப்போது எட்டாவது, நான் ஆறாவது. எங்களுக்கும் இங்கிலீஷ் தெரியும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. வகுப்பில் டீச்சர் பிரம்பால் படத்தைத் தட்டுவார். நாங்கள் நாற்பது தொண்டையில், "இஸ் திஸ் எ கௌ? எஸ், இட் இஸ் எ கௌ" என்று கத்துவோம். ஒரு எழுத்துப் பிசகாது. அந்தத் தைரியத்தில் நான் பாப்பாவிடம் போய், "வாட் இஸ் யுவர் நேம்?" என்றேன். சொன்னாள். எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. சும்மா நிற்பது அசிங்கமாக இருந்ததால் திரும்பவும் "வாட் இஸ் யுவர் நேம்?" என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் பொறுமையாகப் பெயரைச் சொன்னாள்.

அவளுடைய கேள்விகள் தப்பு என்று கண்டுபிடித்தவன் அண்ணன்தான். "வேர் தட் மேன் இஸ் கோயிங்னு கேக்குறா. இஸ் முன்னாடி வரணும். புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்குது" என்றான். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. வந்தான் என்பதன் வாலில் ஒரு 'ஆ' சேர்த்தால் வந்தானா, முடிந்தது வேலை. இங்கிலீஷில் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வார்த்தையை எழுப்பி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அண்ணன் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டு, "ஒய் ஹீ இஸ் ஷௌட்டிங்?" என்று என்னிடம் கேட்டாள். எங்களிடம் தப்பில்லாத கேள்விகள் இருந்தன, கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. பாடத்தில் இருந்த பசுமாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாங்கள் இங்கிலீஷில் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவளிடம் கேள்விகள் எல்லாம் கோணல், ஆனால் ஒவ்வொன்றும் அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியவை.

இது இப்படியே போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கோயில் உபதேசியார் வந்தார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்து, சாமியாருக்கு எடுபிடியாகவும் இருந்த மனிதர். பாண்டியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமும் கொடுத்து இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார். ஜூனில் சேர்க்கை. "இங்கிலீஷ் பேசுற புள்ளைய வுடவா போறாங்க? கண்ண மூடிக்கினு எடுத்துப்பாங்க. ஆனா அதுக்குள்ள மறந்துடாம பாத்துக்கோங்க. சின்னப் புள்ளைங்களுக்கு பட்டுனு மறந்துடும்."

அந்த நேரம் பார்த்துத்தானா பாப்பா வர வேண்டும்? கையில் ஒரு கருவாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "திஸ் இஸ் ஃபிஷ்ஷா?" என்று கேட்டாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். இங்கிலீஷுக்கு நம் 'ஆ'வை ஒட்டிவிட்டாள். பிள்ளைகள் அப்படித்தான் செய்யும். கையில் கிடைப்பதை வைத்துக் கட்டும். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உப்பு மேஸ்திரி. அவருக்கு உலகத்தில் நல்ல பொருள் எல்லாமே உப்பு மாதிரிதான். விளைய மாதக்கணக்கில் வெயில் வேண்டும், கரைய ஒரு மழை போதும். மழைக்காலம் வருமுன் உப்புக் குவியல்களைப் பனையோலை போட்டு மூடி, ஒரு சொட்டு இறங்காமல் காபந்து பண்ணுவதே அவர் பிழைப்பு.

"பாத்தியா, கரைய ஆரம்பிச்சிடுச்சு" என்றார். "தமிழு உள்ள எறங்குது. இனிமே இந்த வீட்டுல யாரும் பாப்பாகிட்ட தமிழ்ல பேசக் கூடாது. ஜூன் வரைக்கும்."

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் தண்ணீரில் வைத்தபடியே, "நான் எப்பிடிண்ணே பேசுவேன்? எனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சத பேசும்மா. அத்தினி வருஷம் அந்த வீட்டுல இருந்தியே. தெரியாத எடத்துல கம்முனு இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அம்மா மட்டும் முணுமுணுத்தாள். "பெத்தவள பேசாதன்னு சொல்ற கூத்து எங்கியாவது உண்டா?" அப்பா காதில் வாங்கவில்லை. அண்ணன் வீட்டில் அண்டியிருக்கும் தங்கைக்கு வேறு என்ன வழி? அது மட்டுமல்ல, அத்தையே அந்த சீட்டுக்காகத் தவம் கிடந்தாள். தன்னை மாதிரி பாத்திரம் கழுவிப் பிழைக்கக் கூடாது மகள் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு இருக்காது.

அத்தைக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த வீட்டு அம்மாள் அவளுக்குச் சொன்ன இங்கிலீஷ்தான். கம். சிட். ஈட். வாஷ். ஸ்லீப். நோ. வேலைக்காரிக்கும் பிள்ளைக்கும் சொல்கிற வார்த்தைகள். அதில் ஏன் என்பதற்கு இடமில்லை, கண்ணே என்பதற்கும் இடமில்லை. அன்றிலிருந்து தன் பிள்ளைக்கு அவள் உத்தரவு மட்டும்தான் போட்டாள்.

முதல் சில நாள் பாப்பாவுக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. "அம்மா, ஏம்மா இங்கிலீஷ்ல பேசுற?" என்று சிரித்தாள். அத்தை வாயில் விரல் வைத்து, "நோ. ஈட்" என்றாள். குளிப்பாட்டும்போது கதை கேட்பது அவள் வழக்கம். தவளை கதை ஒன்று உண்டு, அத்தை குரலை மாற்றி மாற்றிச் சொல்வாள். இப்போது "வாஷ், வாஷ்" என்று தலையைத் தேய்த்துவிட்டுத் துண்டால் மூடிவிடுவாள். துண்டுக்குள்ளிருந்து பிள்ளை, "அப்புறம் தவள இன்னா ஆச்சு?" என்று கேட்கும். அத்தை துடைத்துக்கொண்டே இருப்பாள். அந்தத் தலையை அவள் அப்படித் துடைத்துப் பார்த்ததில்லை நான். ஈரம் போன பிறகும் கையை எடுக்க மாட்டாள்.

மத்தியானத்தில் உப்பு வாரப் போய்விடுவாள். அங்கே மற்றப் பெண்களோடு வாய் ஓயாமல் பேசுவாள் என்று அம்மா சொல்வாள். வீட்டில் அடைத்து வைத்ததெல்லாம் பாத்தியில் கொட்டியிருக்கும்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பாப்பா பிழைக்கும் வழியைத் தேடிக்கொண்டது. தமிழுக்குப் பதில் கிடைக்காது என்று தெரிந்ததும் தாயிடமும் இங்கிலீஷிலேயே கேட்கத் தொடங்கினாள். அத்தைக்கு அது புரியாது. பாதி புரிந்தாலும் சொல்ல வார்த்தை இருக்காது. ஆக, அதற்கும் "கம்", "சிட்" என்றுதான் பதில் வந்தது.

பிறகு என்னிடமும் அண்ணனிடமும் வந்தாள். அண்ணன் திருத்துவான், பதில் சொல்ல மாட்டான். நான் "எஸ்" என்பேன். எதற்கும் எஸ். ஒரு நாள், "இஸ் தி கோட் இஸ் ஸ்லீப்பிங்?" என்று கேட்டாள். ஆடு பட்டப்பகலில் கத்திக்கொண்டிருந்தது. நான் எஸ் என்றேன். அண்ணன் அன்றைக்கு அதிசயமாகப் பார்த்தான். "பாரேன், இஸ் முன்னாடி வந்துடுச்சு. ஆனா பழைய எடத்துலயும் ஒண்ண வுட்டுட்டு வந்திருக்குது." வீடு மாறுகிறவர்கள் போல, புது இடத்துக்கு வந்தும் பழைய சாவியைக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்தாள். யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளை அதற்குள் என்ன வேலை பார்க்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது பேரன் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.

சித்திரை வெயில் தாளாமல் இருந்த ஒரு பகலில், பெருமுக்கல் மலைப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை. உப்பளத்துக்காரர்களுக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். வாரி வைத்த உப்பின் மேல் ஓலையை இழுத்துப் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வரப்பு எது, பாத்தி எது, உப்புத் தண்ணீர் தேக்கும் பள்ளம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளம் ஆள் ஆழம்.

நாங்கள் ஓடியதைப் பார்த்துப் பாப்பாவும் பின்னாலேயே வந்திருக்கிறாள். மஞ்சள் பூட்ஸோடு அந்தப் பக்கத்து வரப்பில் நின்றாள். இந்தப் பக்கம் அத்தை. நடுவில் பள்ளம். பாப்பா அம்மாவைப் பார்த்ததும் ஒரு கால் எடுத்து வைத்தாள். அத்தை ஓலையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். வாயைத் திறந்தாள், மூடினாள். திரும்பத் திறந்து, "கம்" என்று கத்தினாள். "கம், கம்."

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டது. நேராக வந்தது. பள்ளத்தில் போய்விட்டது.

அப்பாதான் குதித்தார். மேலே தூக்கும்போது பாப்பாவின் மூக்கு, வாய், கண் எல்லாம் உப்புத் தண்ணீர். பூட்ஸ் இரண்டும் உள்ளேயே போய்விட்டன, பிறகு யாரும் தேடவில்லை. அம்மா குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவினாள். பாப்பா வாந்தி எடுத்தாள், இருமினாள், பிறகு அழுதாள். அழுகைச் சத்தம் கேட்டபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கண் சிவப்பு போக ரொம்ப நாள் ஆயிற்று.

அத்தை சேற்றில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆடினாள். அம்மாவிடம், "நில்லுன்னுதான் அண்ணி வாயில வந்துச்சு. முழுங்கிட்டேன்" என்றாள். "இங்கிலீஷ்ல தேடுனேன். கையில எது கெடச்சுதோ அத சொல்லிட்டேன்."

அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கு உப்பு பாதி கரைந்து போனது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போதும். வுட்டுடு. தமிழ்லயே பேசு புள்ளகிட்ட" என்றார்.

இங்கேதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். "இத்தினி நாளு பல்ல கடிச்சிக்கினு இருந்தாச்சுண்ணே. இன்னும் கொஞ்ச நாளுதான். இப்ப வுட்டா உள்ளதும் பூடும்." அப்பாவிடமிருந்து அந்தப் புத்தி அவளுக்கு ஏறிவிட்டது. அவரே ஓலையை எடுக்கச் சொன்ன பிறகும் இவள் மூடிக்கொண்டே இருந்தாள். அடியே, உப்புக்குத்தானே ஓலை, பிள்ளைக்கா என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு பாப்பா அத்தையிடம் எதுவும் கேட்பதில்லை. கூப்பிட்டால் வருவாள். உட்கார் என்றால் உட்காருவாள். ஊரே மெச்சிக்கொண்டது, எவ்வளவு அடக்கம் பார் என்று. அந்த அடக்கத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

வைகாசியில் ஒரு மாலை, நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அத்தை தெருமுனையில் யாரோடோ பேசிக்கொண்டு வந்தாள், சிரிப்பு எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது. பாப்பா என் பக்கத்தில் வந்து நின்று அதையே பார்த்தாள். பிறகு என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒய் இஸ் அம்மா நாட் டாக்கிங் டு மீ?"

உள்ளேயிருந்து அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "கேட்டியா? கரெக்டா கேட்டுட்டா. ஒரு தப்பு இல்ல" என்றான். பரீட்சையில் அவனே பாஸான மாதிரி சந்தோஷம். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ் என்று சொல்லிச் சமாளிக்க முடியாத கேள்வி. நான் விளக்குமாறைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஆட்டுக்குட்டியிடம் போய்விட்டாள்.

ஜூனில் அப்பா, அத்தை, பாப்பா, துணைக்கு நான், நாலு பேரும் பாண்டிக்கு பஸ் ஏறினோம். கீழ்புத்துப்பட்டு தாண்டும் வரைக்கும் அப்பா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மடத்தில் பெரிய சிஸ்டர் எங்களை மர பெஞ்சில் உட்கார வைத்தார். தரை சிவப்பு சிமெண்ட், கால் வைக்கக் கூசியது. சிஸ்டர் குனிந்து பாப்பாவிடம் பேசினார். தமிழில்.

"உம் பேரு என்ன கண்ணு? யாரு கூட வந்தே?"

பாப்பா வாயைத் திறக்கவில்லை. அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா பதறிப்போய், "இங்கிலீஷ்ல கேளுங்க சிஸ்டர். சூப்பரா பேசுவா. நாங்க வீட்டுல தமிழே பேசறதில்லீங்க அவகிட்ட" என்றார்.

சிஸ்டர் நிமிர்ந்தார். "தமிழே பேசறதில்லியா? அம்மாவுமா?"

"அவங்க அம்மாவும்தாங்க. பங்குனிலேர்ந்து ஒரு வார்த்த பேசல" என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

சிஸ்டர் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்கிலீஷ் நாங்க சொல்லிக் குடுப்போம்யா. அதுக்குத்தான ஸ்கூலு" என்றார். "புள்ளைங்க இங்க வர்றப்போ ஏ பி சி டி கூட தெரியாம வருதுங்க. ஆறு மாசத்துல பேசிடும். இந்தப் புள்ளைக்கு சீட்டு உங்க சாமியார் சொன்னப்பவே போட்டாச்சு. அம்மாவ வுட்டுட்டு இருக்குமான்னு பாக்கத்தான் கூட்டியாரச் சொன்னேன்."

அப்பா கையில் இருந்த மஞ்சள் பையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அடுத்த வாரம் கொண்டாந்து வுடுங்க. அதுவரைக்கும் நல்லா பேசுங்கம்மா புள்ளகிட்ட" என்றார் சிஸ்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை பேசினாள். அப்படி ஒருத்தி பேசி நான் கேட்டதே இல்லை. தவளை கதையை முடித்தாள், ஜன்னலில் போன மரத்தையெல்லாம் காட்டினாள், அம்மா செல்லமே, தங்கமே என்று முத்தம் கொடுத்தாள். பாப்பா மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் புரிந்தது அவளுக்கு. தலையை ஆட்டினாள். அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்கவில்லை.

அது எல்லாம் முடிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அப்பா இல்லை, அம்மா இல்லை, அண்ணனும் போய்விட்டான். உப்பளம் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போவதில்லை. பாப்பா நன்றாகப் படித்தாள். பெங்களூரில் பெரிய வேலை, பெரிய வீடு. அத்தை நினைத்தது நடந்தது. ஆனால் அத்தைக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, படுக்கைதான்.

பாப்பா மாதம் தவறாமல் வருவாள். காரோட்டியிடம் தமிழில் சண்டை போடுவாள், என்னிடம் தமிழில் ஊர்க்கதை பேசுவாள், தண்ணீர் மாதிரி ஓடும் பேச்சு. தாய்க்கு ஒரு குறை வைத்ததில்லை. மெத்தை, மருந்து, நர்ஸ், எல்லாம் அவள் ஏற்பாடு. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "அம்மா சாப்டாங்களா? நைட்டு தூங்குனாங்களா?" என்பாள். தாயைப் பார்த்துக் கேட்க மாட்டாள்.

போன வாரம் அவள் கிளம்பிப் போன பிறகு அத்தைக்கு மனசு சரியில்லை. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைத் தட்டினாள்.

"எங்கிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறாடி" என்றாள். "அந்த வருஷம் ஏம்மா எங்கிட்ட பேசாம இருந்தேன்னு ஒரே ஒரு வாட்டி கேக்கட்டும். பதில் வெச்சிருக்கேன். அவ கேக்கலியே. கேக்கவே இல்லியே."

எனக்கு அன்றைக்கு ரொம்ப அலுப்பாக இருந்தது. இந்த வயதில் எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று நிதானிக்க முடிவதில்லை. சொல்லிவிட்டேன்.

"அவ கேட்டா அத்தை. அப்பவே கேட்டா. எங்கிட்ட கேட்டா."

அத்தை என் பக்கம் திரும்பினாள். கண் தெரியாவிட்டாலும் என் முகத்தைத் தேடினாள்.

"நீ இன்னாடி சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு எனக்கு அவ்ளோ இங்கிலீஷ் வரல."

"அட பைத்தியமே" என்றாள் அத்தை. "தமிழ்ல சொல்லியிருக்கலாம்லடி."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வாயைத் துடைக்கக்கூட விடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.